மட்டக்களப்பில் பழைய விளையாட்டு அட்டை தேடினால் என்ன கிடைக்கும்?

தம்பி, உங்கள் கேள்வியை ஆறுதலாக வாசித்தேன். வெளிநாட்டில் ஞாயிற்றுக்கிழமைப் பழஞ்சாமான் சந்தைக்குப் போய், சில்லறைக் காசுக்கு விளையாட்டு வீரர் அட்டைகளை வாங்கி, பெரிய விலைக்கு விற்கிற வீடியோக்களைப் பார்த்திருக்கிறீர்கள். மட்டக்களப்பு, கல்முனைப் பக்கம் அப்படியொரு சந்தை எங்கே கூடுகிறது என்று கேட்கிறீர்கள். கூடவே, உங்கள் பெரியப்பாவின் ட்றங்குப் பெட்டிக்குள் சிகரெட் பெட்டியோடு வந்த சின்னக் கிரிக்கெட் அட்டைகள் ஒரு கட்டும், நீங்கள் சின்ன வயதில் சேர்த்த மல்யுத்த அட்டைகளும், கனடாவில் இருந்து யாரோ அனுப்பிய ஐஸ் ஹொக்கி அட்டைகளும் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். இதற்குள் உண்மையில் மூன்று கேள்வி இருக்கிறது: எங்கள் பகுதியில் எங்கே தேடுவது, கையில் கிடைத்தது அசலா என்று எப்படி அறிவது, அதற்குப் பெறுமதி உண்டா. மூன்றையும் ஒன்றோடொன்று கோர்த்துத்தான் சொல்ல முடியும்.

நான் மட்டக்களப்பு நகரில் ஓர் அச்சகத்தில் ஈய எழுத்துக் கோர்க்கிற பொடியனாகச் சேர்ந்து, பிறகு தகட்டில் இருந்து அடிக்கிற ஒப்செட் அச்சு இயந்திரத்தில் நின்றவன். பழைய அச்சுப்பொருள் சேர்க்கிற பழக்கம் அங்கேதான் பிடித்தது. தாள், மை, அச்சு முறை பற்றி நான் சொல்வதை உறுதியாக எடுத்துக்கொள்ளலாம். விலை பற்றிச் சொல்வதைக் கொஞ்சம் தளர்வாக எடுங்கள். விலை என்பது அன்றைக்கு அந்தப் பொருளை விரும்புகிற இரண்டு பேர் இருக்கிறார்களா என்பதைப் பொறுத்தது.

முதலில் சந்தை. வீட்டுக்காரர் தங்கள் பழைய சாமான்களை மேசையில் பரப்பி வைத்து விற்கிற வழக்கம் எங்களிடம் வேரூன்றவில்லை. வாரச் சந்தைக்குப் போனால் மரக்கறி, கருவாடு, உடுப்பு, பிளாஸ்டிக் சாமான். மாமாங்கத் திருவிழாவிலும் கொக்கட்டிச்சோலைத் தேரிலும் வீதி நீளத்துக்குக் கடை போடுவார்கள், அதுவும் புதுச்சாமான்தான். பழசு எங்கள் பக்கம் வேறு வழியாக ஓடுகிறது. வீட்டு வாசலில் இருந்து சைக்கிளிலோ ஓட்டோவிலோ வருகிற பழைய இரும்பு வியாபாரியிடம் போகும். அவரிடமிருந்து இரும்பு, பித்தளை, போத்தல், தாள் என்று பிரித்து நிறுக்கிற முற்றத்துக்குப் போகும். அங்கிருந்து லொறியில் வெளியூருக்குப் போகும். தாளில் ஒரு பங்கு அதற்கு முன்பே கச்சான் சரையாகிவிடும். நீங்கள் நிற்க வேண்டிய இடம் அந்த நிறுவைத் தராசுக்குப் பக்கத்தில்.

காத்தான்குடி, ஏறாவூர், கல்முனை, அக்கரைப்பற்று, எங்கே போனாலும் இப்படியான முற்றங்கள் இருக்கின்றன. ஒரு தடவை போய்ப் பார்த்துவிட்டு வந்தால் ஒன்றும் கிடைக்காது. முற்றத்துக்காரரோடு பழக வேண்டும். நான் வழக்கமாகப் போகிற முற்றத்துக்காரர், நாங்கள் காக்கா என்று அழைக்கிற முஸ்லிம் அண்ணர், முதலில், "இந்தக் குப்பையெல்லாம் என்னத்துக்கு மனே?" என்றுதான் கேட்டார். அவருக்கு நான் சொன்னது, படம் போட்ட மட்டை, பழைய பாடசாலை மலர், சட்டம் போட்ட கூட்டுப் படம், கடிதக் கட்டு, அல்பம், இவற்றை நிறுவைக்குப் போடாமல் ஒரு பெட்டிக்குள் ஒதுக்கி வையுங்கள், நிறுவைக் காசை விடக் கூடத் தருகிறேன் என்பதுதான். இப்போது பெட்டி நிறைந்தால் அவரே ஆளனுப்புவார். பெரும்பாலும் பெட்டிக்குள் எனக்கு வேண்டியது ஒன்றும் இராது. அப்படியான நாளிலும் வெறுங்கையோடு வராமல் ஏதாவது ஒன்றை வாங்கி வாருங்கள். அப்போதுதான் அந்தப் பெட்டி தொடர்ந்து அங்கே இருக்கும்.

காலமும் முக்கியம். சித்திரைப் புத்தாண்டுக்கு முன்பும் தைப்பொங்கலுக்கு முன்பும் வீடு துப்புரவு செய்வார்கள். முஸ்லிம் ஊர்களில் நோன்பு தொடங்குமுன் அதே வேலை நடக்கும். பாடசாலைத் தவணை முடிந்து புது வருடக் கொப்பி வாங்குகிற நாட்களில் பழைய கொப்பி, புத்தகம் எல்லாம் வெளியே வரும். வீட்டுக் கூரை மாற்றும்போது அட்டாளையில் கிடந்தது இறங்கும். இறந்தவர் வீட்டில் முப்பத்தோராம் நாள் முடிந்தபின் அவருடைய அலுமாரியை ஒழிப்பார்கள். இந்தக் கடைசி வகையில் மிகுந்த மரியாதையோடு நடந்துகொள்ள வேண்டும். அதைப் பற்றிப் பின்னுக்குச் சொல்கிறேன்.

முற்றத்தை விட்டால் வேறு இடங்களும் உண்டு. பழைய போட்டோ ஸ்டூடியோக்களில் ஆள் வந்து எடுக்காத படங்கள் கட்டுக்கட்டாக இருக்கும். சட்டம் போடுகிற கடையில் பழைய சட்டத்தைக் கழற்றிப் புதுப்படம் போடக் கொடுப்பார்கள். கழற்றிய படத்துக்குப் பின்னால் அட்டைக்குப் பதிலாக வைத்திருந்த பழைய சுவரொட்டியோ நாட்காட்டியோ வெளியே வரும். இது நான் மிகவும் விரும்பித் தேடுகிற இடம். வெயிலும் தூசியும் படாமல் இருட்டுக்குள் இருந்த தாள் என்பதால் நிறம் அப்படியே இருக்கும். சலூன்களின் சுவரில் ஒன்றின் மேல் ஒன்றாக ஒட்டிய கிரிக்கெட் படங்களைப் பாருங்கள். கடை பூசுகிற நாளில் கேட்டால் தருவார்கள். ஓய்வுபெற்ற விளையாட்டு ஆசிரியர்களிடம் போய்ப் பேசுங்கள். பழைய அச்சகங்களில் அச்சடித்த ஒவ்வொன்றிலும் ஒரு பிரதியைக் கோப்பில் போட்டு வைக்கும் வழக்கம் இருந்தது. அந்தக் கோப்பு இன்னும் இருந்தால் அது பொக்கிஷம்.

இனி, நான் உங்களிடம் அழுத்திச் சொல்ல விரும்புவது. உலகத்தில் அரிதானது வேறு, எங்கள் ஊரில் அரிதானது வேறு. வீடியோக்களில் பேசப்படுவது முதல் வகை. அமெரிக்காவில் 1952 இல் டொப்ஸ் நிறுவனம் வெளியிட்ட மிக்கி மான்டில் என்ற பேஸ்போல் வீரரின் அட்டை ஒன்று, 2022 ஓகஸ்ட் மாத ஏலத்தில் 12.6 மில்லியன் அமெரிக்க டொலருக்கு விலைபோனது. அது உண்மைச் செய்தி. ஆனால் அந்த விலை, எழுபது வருடமாக மூலை மடங்காமல், நிறம் மங்காமல் தப்பிய ஓர் அட்டைக்கான விலை. அதே அட்டை கசங்கிக் கிடந்தால் அதன் சிறு பகுதிகூட வராது. அப்படியொன்று வாழைச்சேனையில் ஒரு சாக்குக்குள் இருந்து வரும் என்று எதிர்பார்த்துத் தேடினால் சில மாதத்திலேயே மனம் சலித்துவிடும். இரண்டாவது வகை அப்படியல்ல. அது எங்கள் கைக்கெட்டிய தூரத்தில் இருக்கிறது, அதைத் தேடுவோரும் மிகக் குறைவு.

ஏன் எங்கள் ஊரில் சாதாரணத் தாள்கூட அரிதாகிறது என்று யோசியுங்கள். 1978 நவம்பரில் சூறாவளி மட்டக்களப்பின் கூரைகளைப் பிடுங்கி எறிந்தது. மழையில் நனைந்த அலுமாரிகளுக்குள் இருந்த தாள் கூழாகியது. பிறகு யுத்தம்; ஊர் விட்டு ஓடியவர்கள் பிள்ளையையும் அடையாள அட்டையையும் தூக்கிக்கொண்டு ஓடினார்கள், அல்பத்தைத் தூக்கவில்லை. 2004 டிசம்பர் 26 அன்று கல்லடி, நாவலடியில் இருந்து கல்முனை, மருதமுனை, சாய்ந்தமருது வரை கடலோர வீடுகளை ஆழிப்பேரலை உள்ளே இருந்த எல்லாவற்றோடும் வழித்துக்கொண்டு போனது. இவை எல்லாவற்றுக்கும் தப்பி ஒரு பாடசாலை விளையாட்டுப் போட்டி நிகழ்ச்சி நிரல் இன்று கையில் கிடைத்தால், அச்சடித்த சில நூறு பிரதிகளில் மிஞ்சியது அது ஒன்றாகக்கூட இருக்கலாம். வெளிநாட்டு விளையாட்டு அட்டை இன்னொரு கடையில் கிடைக்கும். இது கிடைக்காது.

ஆகவே எங்கள் பக்கம் முதலில் தேட வேண்டியது கூட்டுப் படங்கள். கிரிக்கெட், உதைபந்தாட்ட, கூடைப்பந்தாட்ட அணிகள் நாற்காலி போட்டு வரிசையாக இருந்து எடுத்த படம், தடித்த மட்டையில் ஒட்டி, கீழே ஒவ்வொருவருடைய பெயரும் அச்சிட்டிருக்கும். மெதடிஸ்த மத்திய கல்லூரி 1814 இல் தொடங்கியது, புனித மிக்கேல் 1873 இல். இவ்வளவு பழைய பாடசாலைகளின் அணிகள் எத்தனை தரம் படம் எடுத்திருக்கும்! அந்த மட்டைகள் பழைய மாணவர் வீடுகளில் சுவரில் தொங்கியவை. கூடைப்பந்தாட்டம் மட்டக்களப்பில் வளர்ந்ததில் அமெரிக்காவில் இருந்து வந்த இயேசு சபைக் குருமாருக்குப் பெரும் பங்கு உண்டு. நகரத்து விளையாட்டரங்குக்கே அவர்களில் ஒருவரான அருட்தந்தை வெபரின் பெயர்தான். அந்தக் காலத்துப் போட்டித் துண்டுப்பிரசுரம், நுழைவுச்சீட்டு, சான்றிதழ், பதக்கம், இவை கிடைத்தால் விடாதீர்கள். அந்தக் குருமார் வழியாக அமெரிக்க பேஸ்போல் அட்டைகளும் இங்கே வந்திருக்கலாம் என்று சிலர் சொல்வதுண்டு. அது ஊகம். அப்படி வந்த ஓர் அட்டையும் என் கண்ணில் படவில்லை.

இப்போது உங்கள் பெரியப்பாவின் கட்டு. நீங்கள் போட்ட படத்தில் பின்பக்கம் ஜோன் பிளேயர் அன் சன்ஸ் என்று சிகரெட் நிறுவனத்தின் பெயரும், கிரிக்கெட்டர்ஸ் 1938 என்று தொகுதியின் பெயரும் தெரிகிறது. இது நன்கு அறியப்பட்ட தொகுதி. மொத்தம் 50 அட்டைகள், அவுஸ்திரேலியத் துடுப்பாட்ட வீரர் டொன் பிரட்மன் உட்பட. சிகரெட் பெட்டி வளையாமல் இருக்க வைத்த மட்டையில் படம் அச்சிடத் தொடங்கியதுதான் இந்த வழக்கத்தின் பிறப்பு. கிரிக்கெட் வீரர் தொகுதிகளை வில்ஸ் சிகரெட் நிறுவனம் 1896 இலேயே வெளியிட்டுவிட்டது. இரண்டாம் உலக யுத்தத்தில் தாள் தட்டுப்பாடு வந்ததோடு, 1940 வாக்கில் பிரித்தானிய நிறுவனங்கள் இதை நிறுத்திவிட்டன. எங்கள் பக்கத்துக்கு இவை வந்தது தோட்ட அதிகாரிகள், அரசாங்க உத்தியோகத்தர், கப்பலில் போய் வந்தவர்கள் வழியாக இருக்க வேண்டும். உங்கள் பெரியப்பாவின் கைக்கு எப்படி வந்தது என்று வீட்டில் மூத்தவர்களிடம் இப்போதே கேட்டு எழுதி வையுங்கள்.

பெறுமதி? உண்மையைச் சொல்ல வேண்டும். இந்தத் தொகுதி பெருந்தொகையாக அச்சிடப்பட்டது, பெருந்தொகையாகச் சேர்க்கவும்பட்டது. இங்கிலாந்தில் நல்ல நிலையில் உள்ள முழுத் தொகுதியே சில பத்துப் பவுணுக்குள் வாங்கிவிடலாம். பிரட்மன் அட்டை மற்றவற்றை விடக் கூடப் போகும். உங்கள் கட்டில் முழுத் தொகுதி இல்லாவிட்டால் விற்பதற்காக மெனக்கெட வேண்டாம். ஆனால் 1938 இல் அச்சடித்த மட்டை, எங்கள் வெக்கையிலும் ஈரத்திலும் சூறாவளியிலும் கிடந்து, ஒரு மட்டக்களப்பு வீட்டில் இருந்து வருகிறது என்பதற்கு நான் தனியாக மதிப்புக் கொடுப்பேன்.

அந்தக் கட்டில் சில அட்டைகள் ஒன்றோடொன்று ஒட்டியிருப்பதாகச் சொன்னீர்கள். தயவுசெய்து பிரிக்க முயலாதீர்கள். முப்பதுகளின் பிளேயர்ஸ், வில்ஸ் அட்டைகள் பலவற்றில் முத்திரைக்குப் பூசுவது போலப் பின்புறம் பசை பூசியிருந்தார்கள். கடையில் ஒரு பென்னிக்கு விற்ற அல்பத்தில் நனைத்து ஒட்டுவதற்காக. எங்கள் மாரிக் காற்றில் அந்தப் பசை தானாகவே இளகி, அடுத்த அட்டையின் முகத்தைப் பிடித்துக்கொள்ளும். கத்தியை விட்டுப் பிரித்தால் கீழ் அட்டையின் முகம் மேல் அட்டையின் முதுகோடு போய்விடும். ஈரப்பதன் கொடுத்து மெதுவாகப் பிரிக்கிற முறை உண்டு. அதைத் தாள் பாதுகாப்புப் பயிற்சி பெற்றவர் செய்ய வேண்டும். அதுவரை கட்டாகவே இருக்கட்டும்.

அசல், போலி பார்ப்பது என் தொழிலுக்கு நெருங்கியது, அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். பத்து மடங்கு பெருப்பிக்கிற ஒரு சின்னக் கண்ணாடி வாங்குங்கள். நகைக்கடைக்காரர் கண்ணில் வைக்கிறது போன்றது. அதால் முதலில் படத்தைப் பார்க்காதீர்கள், எழுத்தைப் பாருங்கள். அசல் அச்சில் கறுப்பு எழுத்து ஒரே மையில் தனியாக அடிக்கப்பட்டிருக்கும். ஓரம் கூர்மையாக, உள்ளே நிறைவாக இருக்கும். பழைய அட்டையை ஸ்கான் பண்ணித் திருப்பி அடித்தால் எழுத்தும் படத்தோடு சேர்ந்து புள்ளிகளாக உடைந்துவிடும். கறுப்பு எழுத்துக்குள்ளே நீலம், மஞ்சள், சிவப்புப் புள்ளி தெரிந்தால் அது பின்னாளில் அடித்த படி. இன்க்ஜெட்டில் அடித்ததென்றால் புள்ளிகள் விசிறியடித்த மாதிரி ஒழுங்கில்லாமல் கிடக்கும். லேசர் பிரின்டர் என்றால் மை தாளுக்குள் இறங்காமல் மேலே பளபளப்பாகப் படிந்திருக்கும். முப்பதுகளின் சிகரெட் அட்டைகளில் நிறத்துக்குப் பின் நிறமாக அடித்த கற்பாள அச்சும் (லித்தோ) உண்டு. அதில் இன்றைய ஒழுங்கான புள்ளி வரிசை இராது.

அடுத்தது புற ஊதாக் கதிர் விளக்கு. கள்ள நோட்டுப் பார்க்கக் கடைக் காசாளர் வைத்திருக்கிற சின்ன விளக்குப் போதும். தாளை வெள்ளையாகக் காட்டுவதற்காகச் சேர்க்கிற ஒளிரும் இரசாயனம் 1950 வாக்கில்தான் தாள் உற்பத்தியில் பரவத் தொடங்கியது. இருட்டில் விளக்கைப் பிடிக்கும்போது அட்டை நீல வெள்ளையாக ஒளிர்ந்தால் அது 1938 தாள் அல்ல என்று துணிந்து சொல்லலாம். எதிர்ப்பக்கம் அப்படிச் சொல்ல முடியாது. ஒளிராமல் மங்கலாக இருந்தால் அது பழசாக இருக்கலாம், ஒளிரூட்டி சேர்க்காத இன்றைய தாளாகவும் இருக்கலாம். தேயிலைச் சாயத்தில் தோய்த்துப் பழசாக்கியவர்களும் உண்டு. அப்படிச் செய்த தாளில் நிறம் எல்லா இடமும் ஒரே மாதிரி இருக்கும். உண்மையாகப் பழுத்த தாள் வெளிச்சமும் காற்றும் பட்ட ஓரத்தில் கூடக் கறுத்து, நடுவில் வெளிறியிருக்கும்.

தமிழில் அச்சிட்ட பொருளுக்கு இன்னொரு சோதனை உண்டு, இதை அச்சகத்தில் நின்றவர்கள்தான் உடனே பிடிப்பார்கள். ணை, லை, ளை, னை என்ற எழுத்துகளுக்கும் ணா, றா, னா என்பவற்றுக்கும் முன்பு வேறு வடிவம் இருந்தது. தமிழ்நாட்டு அரசு 1978 இல் இன்றைய வடிவத்தை ஏற்றது. எங்கள் ஈய எழுத்து அச்சகங்கள் கையிருப்பில் இருந்த பழைய வடிவத்தை அதற்குப் பிறகும் பல வருடம் வைத்திருந்தன. 1960 ஆம் ஆண்டுப் போட்டி மலர் என்று ஒருவர் காட்டுவதில் எழுத்தெல்லாம் புதுவடிவமாக இருந்தால் சந்தேகப்படுங்கள். கணினிப் பாமினி எழுத்தில் இருந்தால் சந்தேகமே வேண்டாம், அது அச்சகங்களுக்குக் கணினி வந்த பிறகு அடித்தது. ஈய எழுத்தில் அடித்த தாளைத் திருப்பி விரல் நுனியால் தடவினால் எழுத்து அழுத்திய தடம் பின்பக்கம் தெரியும், ஒப்செட்டில் தெரியாது.

திகதி இல்லாத பொருளுக்கு இப்படிச் சின்னச் சின்னத் தடயங்கள்தான் துணை. சிலோன் என்றிருந்தால் 1972 மே மாதத்துக்கு முன்பு என்று பலர் உடனே முடிவு கட்டுவார்கள். தேயிலைக்கும் சில நிறுவனங்களுக்கும் அந்தப் பெயர் இன்றைக்கும் நிற்கிறது என்பதால் அது மட்டும் போதாது. விலை சதத்தில் இருக்கிறதா, தொலைபேசி எண்ணில் எத்தனை இலக்கம், பட்டைக்கோடு (பார்கோட்) இருக்கிறதா, இணைய முகவரி இருக்கிறதா என்று சேர்த்துப் பாருங்கள். உங்கள் மல்யுத்த அட்டைகளுக்கும் இதே வழிதான். அந்த மல்யுத்தப் போட்டிகளை நடத்துகிற அமெரிக்க நிறுவனம் 2002 மே மாதத்தில்தான் தன் பெயரை டபிள்யூ டபிள்யூ எஃப் என்பதில் இருந்து டபிள்யூ டபிள்யூ ஈ என்று மாற்றியது. ஈ என்று முடிந்தால் அது தொண்ணூறுகளின் அட்டை அல்ல, நினைவு எப்படிச் சொன்னாலும். பெட்டிக்கடைகளில் நாங்கள் வாங்கிய இந்த அட்டைகள் அனேகமாக உரிமம் இல்லாமல் அடிக்கப்பட்டவை. வெளிநாட்டுச் சேகரிப்பாளர் கணக்கில் எடுக்க மாட்டார். எங்கள் பிள்ளைகளின் விளையாட்டு வரலாற்றுக்கு அவை சாட்சி என்பதால் ஒரு முழுக் கட்டையாவது வையுங்கள், சுற்றி வந்த பெட்டியோடு.

ஐஸ் ஹொக்கி அட்டைகளைப் பற்றிச் சுருக்கமாக. ரொறன்ரோவில் இருந்து பார்சலில் வந்தவை 1990, 91 காலத்தவை என்றால் விலை எதிர்பார்க்க வேண்டாம். எண்பதுகளின் பின்பகுதியில் இருந்து தொண்ணூறுகளின் தொடக்கம் வரை வட அமெரிக்காவில் அட்டைகளை அளவுக்கு மிஞ்சி அடித்துத் தள்ளினார்கள். எல்லோரும் பத்திரமாக வைத்தார்கள், அதனால் எவருக்கும் தட்டுப்பாடில்லை. இலங்கை வென்ற 1996 கிரிக்கெட் உலகக் கிண்ண ஞாபகப் பொருள்களிலும் இதே வேறுபாட்டைக் காணலாம். அந்த வெற்றியைக் குறித்து மத்திய வங்கி 1999 இல் வெளியிட்ட 5 ரூபா நாணயம் இன்றைக்கும் சில்லறைக்குள் கிடக்கிறது. ஆனால் லாகூரில் அரவிந்த டி சில்வா 107 ஓட்டங்களோடு ஆட்டமிழக்காமல் நின்ற மார்ச் 17 க்கு மறுநாள் வந்த தமிழ்ப் பத்திரிகையை எங்கள் பக்கம் முழுதாக வைத்திருப்பவர்கள் எத்தனை பேர்? அதைத் தேடுங்கள்.

கையெழுத்திட்ட அட்டை, படம் என்று யாராவது கொண்டுவந்தால் கண்ணாடியால் பார்த்து, அச்சிட்ட கையெழுத்தா பேனாவால் போட்டதா என்பதை உங்களால் சொல்ல முடியும். பேனா என்றால் கோடு குறுக்கே வருகிற இடத்தில் மை தடிக்கும், தாளில் அழுத்தம் இருக்கும். அச்சு என்றால் தட்டையாக இருக்கும். பேனாவால் போட்டது அந்த வீரரே போட்டதா என்பதைப் படத்தைப் பார்த்து எவரும் உறுதி சொல்ல முடியாது, நானும் சொல்ல மாட்டேன். அதற்கு அவர் நின்று கையெழுத்திடுகிற படமோ, கொடுத்த இடமும் நாளும் எழுதிய குறிப்போ வேண்டும்.

தேடும்போது நாணயமும் தாளும் வரத்தான் செய்யும். 1942 இல் யுத்தகாலச் சில்லறைத் தட்டுப்பாட்டுக்கு வெளியிட்ட 5 சதத் தாள், நடுவில் துளையிட்டு, 2 சதமும் 3 சதமுமாகக் கிழிக்கக் கூடியதாக இருந்தது. கிழியாமல் முழுதாகக் கிடைத்தால் நல்லது. 1970 இல் செல்லாதென்று அறிவித்த 50, 100 ரூபாத் தாள்களைச் சிலர் இன்னும் பெட்டிக்குள் வைத்திருப்பார்கள், அவற்றுக்கும் ஆளுண்டு. ஒல்லாந்தர் காலச் செப்புக் காசு வந்தால் கவனம். 1815 மார்ச் 2 க்கு முற்பட்ட பொருள் எங்கள் சட்டப்படி தொல்பொருள். அனுமதி இல்லாமல் நாட்டை விட்டு அனுப்புவது குற்றம், மண்ணைத் தோண்டித் தேடுவதும் அப்படித்தான். தபாலில் வெளிநாட்டுக்கு அனுப்புங்கள் என்று யார் கேட்டாலும் சம்மதிக்காதீர்கள்.

வாங்குகிற முறையைப் பற்றி ஒன்று. இறந்தவர் வீட்டில், அவருடைய மனைவி ஒரு கூட்டுப் படத்தை நிறுவைக்குப் போடுகிறார் என்றால், அதில் யார் யார் இருக்கிறார்கள் என்று அவருக்குத் தெரிந்திருக்கும். வேறு ஒருவருக்கும் தெரியாது. படத்தை எடுத்துக்கொண்டு வந்துவிடாதீர்கள். இருந்து கேளுங்கள், பெயர்களை எழுதுங்கள். அதன் பெறுமதியைத் தெரிந்தபடி சொல்லுங்கள். குடும்பம் பிறகு தேடும் என்று தோன்றினால், ஸ்கான் பண்ணிவிட்டு அசலை அவர்களிடமே கொடுத்துவிடுங்கள். பத்து ரூபாவுக்குக் கிடைத்ததென்று சந்தோஷப்படுகிற வேட்டை எனக்குப் பிடிப்பதில்லை. எந்தப் பொருளை வாங்கினாலும் எந்த ஊர், எந்த வீடு, எந்தத் திகதி என்று தனித் துண்டில் பென்சிலால் எழுதி அதோடு வையுங்கள். பொருளின் மேலே எழுத வேண்டாம். மூலம் தெரியாத அணிப் படம் வெறும் முகங்கள்தான்.

பாதுகாப்பதில் எங்கள் ஊருக்கு மூன்று எதிரிகள்: மாரி ஈரம், உப்புக் காற்று, பூச்சி. லமினேட் பண்ணாதீர்கள், செலோடேப் ஒட்டாதீர்கள், இறப்பர் வளையம் போடாதீர்கள். கடைகளில் கிடைக்கிற, மணக்கிற மெதுவான பிளாஸ்டிக் உறை காலம் போகப் பிசுபிசுத்து மையைப் பிடித்துக்கொள்ளும். பொலிபுறொப்பிலீன் என்று போட்ட, சரசரக்கிற உறையை வாங்குங்கள். ட்றங்குப் பெட்டியைச் சீமெந்து நிலத்தில் வைக்காமல் பலகை மேல், சுவரில் இருந்து தள்ளி வையுங்கள். மருந்துப் போத்தலுக்குள் வருகிற சிலிக்கா பக்கற்றுகளைச் சேர்த்து உள்ளே போடலாம். நவம்பர் முதல் ஜனவரி வரை, மழை விட்டு வெயில் எறித்த நாளில் பெட்டியை நிழலில் திறந்து காற்றாட விடுங்கள். இராமபாணப் பூச்சிக்கு மருந்தடிக்கப் போய்த் தாளில் படவிட வேண்டாம். அழுக்கைத் துடைக்கவும் வேண்டாம், மென்மையான தூரிகையால் தூசி தட்டினால் போதும்.

விற்க நினைத்தால், இணையத்தில் ஆட்கள் கேட்கிற விலையைப் பார்க்காமல், விற்று முடிந்த விலையை மட்டும் பாருங்கள். அட்டையின் நிலையைப் பார்த்துத் தரம் குறிக்கிற வெளிநாட்டுத் தர நிர்ணய நிறுவனத்துக்கு அனுப்புவது பெரிய விலை அட்டைக்கு மட்டுமே பொருந்தும். கட்டணமும் போக வரத் தபால் செலவும் உங்கள் பிளேயர்ஸ் அட்டைகளின் விலையைத் தாண்டிவிடும்.

உங்கள் கட்டைப் பற்றி மேலும் சொல்ல எனக்கு ஒவ்வொரு அட்டையின் இரண்டு பக்கமும் தெரிகிற படம் வேண்டும், பிளாஷ் போடாமல், பகல் வெளிச்சத்தில், பக்கத்தில் அடிமட்டம் வைத்து. அசல் அட்டை ஏறக்குறைய 68 மில்லிமீற்றர் உயரம், 36 மில்லிமீற்றர் அகலம் இருக்கும். ஓரம் வெட்டிச் சீர் செய்திருந்தால் அதிலேயே பிடித்துவிடலாம். பிரட்மன் இருந்தால் அதை முதலில் போடுங்கள். பெரியப்பாவின் பெட்டியில் வேறு தாள், படம், மலர் ஏதாவது இருந்தால் அதையும் காட்டுங்கள். அட்டைகளை விட அவற்றைப் பார்க்கத்தான் எனக்கு ஆவல் கூட.